14 லட்சத்துக்கு ஓபன் டாப் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கின விலை வெறும் ஆரம்பம்தான்



"சார், 12 வருஷப் பழைய ரெண்டு சீட் கன்வெர்டிபிள் ஒண்ணு 14 லட்சத்துக்கு வருது. புது எஸ்யூவியே அதைவிட விலை அதிகம். எடுத்துடலாமா?"

பழைய லக்ஷுரி கார் பத்தி வீடியோ போட்டதுல இருந்து இந்தக் கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. நான் மெக்கானிக் இல்லை, ஆடிட்டர். அதனால அபிப்பிராயம் சொல்றதை விட, ஒரு ஃபைலைத் திறந்து காட்டறேன். கோயம்புத்தூர்ல என் கிளையன்ட் ஒருத்தர், பம்புசெட் பாகங்கள் செய்யற பட்டறை வெச்சிருக்கார். நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அவர் மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு கார் வாங்கினார். துணிக் கூரை, பட்டனைத் தட்டினா தானா மடியும். வாங்கின நாள்ல இருந்து ஒரு பில்லைக்கூட தூக்கிப் போடலை. அவர் சம்மதத்தோடதான் இதை எழுதறேன்.

1. கார் விலை குறையும், பாகங்களோட விலை குறையாது

முதல்ல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இதுதான். அண்ணா 14 லட்சத்துக்கு வாங்கின கார், புதுசுல 60 லட்சத்துக்கு மேல போனது. 12 வருஷத்துல காரோட விலை கால் பங்குக்கும் கீழ வந்துடுச்சு. ஆனா அதோட பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் ஆர்ம், கூரை மோட்டார் எல்லாம் இன்னிக்கும் 60 லட்ச ரூபாய் காரோட பாகங்கள்தான். வெளிநாட்டுல இருந்து வரணும், சுங்கவரி கட்டணும், கூலியும் அதுக்கேத்த மாதிரிதான்.

அதாவது நீங்க 14 லட்சம் கொடுத்து, 60 லட்ச ரூபாய் காரைப் பராமரிக்கிற பொறுப்பை வாங்கறீங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டு அவரோட கணக்கைப் பாருங்க.

2. மூணு வருஷக் கணக்கு

முதல் வருஷம்: டயர் நாலு 64,000. பிரேக் டிஸ்க், பேட் 58,000. ஆயில், கூலன்ட், ஹோஸ், பெல்ட் 46,000. பேட்டரி 21,000. இன்சூரன்ஸ் 31,000. மொத்தம் 2,20,000.

ரெண்டாவது வருஷம்: கூரை மோட்டார், வயரிங், கார்ப்பெட் வேலை 1,65,000. சர்வீஸ் 28,000. இன்சூரன்ஸ் 30,000. மொத்தம் 2,23,000.

மூணாவது வருஷம்: சஸ்பென்ஷன் புஷ், ஆர்ம் 92,000. ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணம் 40,000. சர்வீஸ் 27,000. இன்சூரன்ஸ் 30,000. மொத்தம் 1,89,000.

கூட்டினா 6,32,000. பெட்ரோல் இதுல சேரலை. ஓட்டினது வெறும் 9,000 கிலோமீட்டர்.

இந்தச் செலவுல பெரும்பகுதி நியாயமானது. 12 வருஷக் காருக்கு டயர், பிரேக், ரப்பர் பாகங்கள் மாத்தித்தான் ஆகணும். ஆனா ஒரே ஒரு வரி மட்டும் தவிர்த்திருக்கக் கூடியது. ரெண்டாவது வருஷத்தோட அந்த 1,65,000.

3. வேப்பம்பூ செஞ்ச வேலை

துணிக் கூரை கார்ல மழைத் தண்ணி உள்ள வராம இருக்கறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. கூரை மடிஞ்சு உட்கார்ற பள்ளத்துல ரெண்டு பக்கமும் டிரெயின் குழாய் இருக்கும். கூரையில விழற தண்ணி அது வழியா காருக்குக் கீழ போயிடும். குழாய் அடைச்சா தண்ணி எங்க போகும்? பள்ளத்துலயே தேங்கும். சில கார்கள்ல கூரையை இயக்கற மோட்டாரும் பம்பும் அந்தப் பள்ளத்தோட அடியிலதான் இருக்கு.

அண்ணா வீட்டு வாசல்ல ஒரு பெரிய வேப்ப மரம். அதுக்குக் கீழதான் கார். சித்திரையில பூ கொட்டுச்சு, அப்புறம் இலை, அப்புறம் பழம். ஐப்பசி மழை வந்தப்ப குழாய் முழுசா அடைச்சிருந்துச்சு. ஒரு வாரம் காரை எடுக்கலை. எடுத்தப்ப கூரை அசையலை, கார்ப்பெட் சொதசொதன்னு இருந்துச்சு.

"பம்புக்குப் பாகம் செய்யறவனுக்கே பம்பு போச்சுங்க தம்பி"ன்னு சிரிச்சார். ஆனா பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டப்ப சிரிப்பு நின்னுடுச்சு. மகளோட காலேஜுக்குன்னு போட்டிருந்த எஃப்டி-யை உடைச்சிருக்கார். பொண்ணு அப்ப பத்தாவது. "ரெண்டு மாசத்துல திருப்பிப் போட்டுடலாம்னு நினைச்சேனுங்க" என்றார். திருப்பிப் போடலை. அடுத்த பில் வந்துடுச்சு.

இன்சூரன்ஸ் கைகொடுக்கலையான்னு கேப்பீங்க. வழக்கமான மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறும் கவர் ஆகாது. பராமரிப்பு இல்லாம அடைச்ச குழாயால போன மோட்டாருக்கு க்ளெய்ம் கிடைக்கலை.

வருஷத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, வளையக்கூடிய மெல்லிய நைலான் கம்பியால அந்தக் குழாயைச் சுத்தம் செஞ்சு, ஒரு மக்கு தண்ணி ஊத்தி கீழ வழியுதான்னு பார்த்திருந்தா போதும். பத்து நிமிஷ வேலை.

4. எதுக்கு முதல்ல செலவு பண்ணணும்

பணம் அளவோடதான் இருக்கு, கார்ல வேலை நிறைய இருக்கு. அப்ப வரிசை முக்கியம். நான் நம்பற ஒரு மெக்கானிக்கிட்ட பேசி இந்த வரிசையை எழுதினேன்.

முதல் இடம், உயிர் காக்கறது: டயர், பிரேக், சஸ்பென்ஷன். கம்மியா ஓடற கார்ல டயர் தேயறதுக்கு முன்னாடியே வயசாகி இறுகிடும். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும் பாருங்க. 2318-ன்னா 2018-ல 23-வது வாரம் தயாரானது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க.

ரெண்டாவது, சூடு: ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ். பழைய காரோட கூலன்ட் லைன்ல இருக்கிற பிளாஸ்டிக் மூட்டுகள் சொல்லாம கொள்ளாம உடையும். நம்ம ஊர் வெயில்ல, டிராஃபிக்ல ஒரு தடவை எஞ்சின் ஓவர்ஹீட் ஆனா, சில ஆயிரத்துல முடியற வேலை லட்சத்துக்குப் போயிடும்.

மூணாவது, தண்ணி: டிரெயின் குழாய், கூரை ஓரத்து ரப்பர், துணி. ஈரத்தோட கூரையை மடிச்சு வைக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும். பிரஷர் வாஷரைத் துணியிலயும் ரப்பர்லயும் நேரா அடிக்காதீங்க. ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் போடுங்க. கூரையை இயக்கும்போது எஞ்சின் ஓடட்டும். பேட்டரி பலவீனமா இருந்தா பாதியில நின்னுடும்.

நாலாவது, கடைசி இடம், அழகு: பெயின்ட், சீட் லெதர், அலாய் வீல். எல்லாரும் முதல்ல செலவு பண்றது இங்கதான். கண்ணுக்குத் தெரியுதுல்ல!

ஒரு விஷயம் மட்டும் அழகு மாதிரி தெரியும், ஆனா அழகு இல்லை: கதவுக்குக் கீழ இருக்கிற சில் பகுதியில துரு. சாதாரண கார்ல கூரையும் சேர்ந்து பாடியைத் தாங்குது. கன்வெர்டிபிள்ல அந்தக் கூரை இல்லாததால அடிப்பாகத்தையும் சில்லையும்தான் கூடுதலா பலப்படுத்தியிருப்பாங்க. அங்க துருன்னா காரோட முதுகெலும்புல துரு.

5. இன்சூரன்ஸ், ஆர்.சி., வரி

5 வருஷத்துக்கு மேற்பட்ட காரோட ஐடிவி-யை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்றீங்க. பிரீமியம் குறையுதேன்னு ஐடிவி-யைக் குறைச்சா, கார் முழுசா போகும்போது அந்தக் குறைஞ்ச தொகைதான் வரும். அதோட, 10 வருஷம் தாண்டின காருக்கு விபத்து க்ளெய்ம்லயும் உலோகப் பாகத்துக்குப் பாதி தேய்மானம் கழிப்பாங்க. ரப்பர், பிளாஸ்டிக் பாகத்துக்கு எந்த வயசுலயும் பாதிதான். பம்பர் போனா பாதி உங்க கையில இருந்து.

ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அதுக்கு மேல 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல சாதாரண காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ஆச்சு. இறக்குமதி ஆன காருக்கு 40,000 ஆச்சு. அண்ணாவோட ஃபைல்ல இருக்கிற அந்த 40,000 இதுதான். பசுமை வரி தனி. வாங்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.-ல முதல் பதிவுத் தேதியையும், இறக்குமதின்னு இருக்கான்னும் பாருங்க. டெல்லியில 15 வருஷம் நெருங்கின பெட்ரோல் கார் சல்லிசா வரும். 15 வருஷம் தாண்டின பெட்ரோல் கார் அங்க ஓடக் கூடாதுன்னு உத்தரவு வந்ததாலதான் சல்லிசு. இங்க கொண்டு வந்தா தமிழ்நாட்டு வரியும் மறுபதிவும் உங்க தலையில.

"கம்பெனி பேர்ல வாங்கிட்டா?" இதுவும் வழக்கமா வர்ற கேள்வி. காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கிடைக்கும், ஆனா சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கழிச்சிடணும். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஓடற ரெண்டு சீட் காரைத் தொழிலுக்குன்னு எந்த அதிகாரிகிட்டயும் நான் வாதாட மாட்டேன். இந்த மாதிரி காருக்கும் அதோட ரிப்பேருக்கும் ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் பொதுவா கிடையாது. சொந்தப் பேர்ல இருந்தா, வித்து லாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. அது உங்க சொந்த உபயோகப் பொருள். நஷ்டம் வந்தாலும் வேற லாபத்துல கழிக்க முடியாது.

6. ரிப்பேரா, விற்பனையா?

மூணாவது வருஷக் கடைசியில அண்ணா ஆபீஸுக்கு வந்தார். எஞ்சின்ல காலையில ஸ்டார்ட் பண்ணும்போது கடகடன்னு சத்தம். டைமிங் செயின் மாத்த 2,80,000. கூடவே ஃபுல் பெயின்ட் 1,60,000. "இதுவரைக்கும் ஆறு லட்சம் போட்டாச்சு. இப்ப விட்டா அத்தனையும் வீண்தானுங்களே தம்பி?"

இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க. போட்ட ஆறு லட்சம் போனதுதான். ரிப்பேர் பண்ணாலும் வராது, வித்தாலும் வராது. அதைக் கணக்குல இருந்து எடுத்துட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இன்னிக்குப் போடற ரூபாய் காரோட விலையை எவ்வளவு ஏத்தும்?

ரெண்டு டீலர்கிட்ட விசாரிச்சோம். சத்தத்தோட அப்படியே வித்தா 7,50,000. செயின் மாத்தினா 11,00,000. அதாவது 2,80,000 போட்டா 3,50,000 ஏறுது. வெச்சிருந்தாலும் வித்தாலும் இந்த வேலை லாபம். பெயின்ட்டுக்கு 1,60,000 போட்டா விலை அதிகபட்சம் 50,000 ஏறும்னாங்க. அதனால பெயின்ட் வேண்டாம்.

இப்ப முழுச் செலவைப் பாருங்க. பராமரிப்பு 6,32,000. செயின் 2,80,000. கார் விலையில இறக்கம் 3,00,000. 14 லட்சத்தை 7 சதவீதத்துல எஃப்டி-யில போட்டிருந்தா தனிவட்டியாவே வந்திருக்கும் 2,94,000. மொத்தம் 15,06,000. மாசத்துக்கு சுமார் 41,800. கிலோமீட்டருக்கு சுமார் 167 ரூபாய், பெட்ரோல் இல்லாம.

பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார்: "பொண்ணு கணக்குல எவ்வளவுங்க எடுத்தேன்?" 1,65,000, வட்டி தனின்னு சொன்னேன்.

செயினை மாத்தினார். அதுக்கு அந்த வருஷ பட்டறை லாபத்துல இருந்து எடுத்தார். ஒரு மாசம் ஓட்டிட்டு 11 லட்சத்துக்கு வித்தார். அந்த விலை கிடைச்சதுக்குக் காரணம் அந்த ஃபைல்தான். வாங்கினவர் காரை விட பில்லைத்தான் அதிக நேரம் பார்த்தார். பணம் வந்த அன்னிக்கே மகளோட கணக்குக்கு வட்டியோட திரும்பிப் போயிடுச்சு.

7. நீங்க வாங்கறதா இருந்தா

கையில 14 லட்சம் இருந்தா 11 லட்சத்துக்குக் கார் பாருங்க. கார் விலையில கால் பங்கு முதல் வருஷ வேலைக்குன்னு தனியா இருக்கணும்.

கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம், முடை நாத்தம் இருக்கான்னு பாருங்க. கூரையை ரெண்டு தடவை திறந்து மூடச் சொல்லுங்க. டிரெயின்ல தண்ணி ஊத்திப் பாருங்க. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லி சத்தம் கேளுங்க.

எளிமையான காரைத் தேர்ந்தெடுங்க. வெளிநாட்டுல இருக்கிற நம்ம வாசகர்களுக்கு இது சுலபம். 1989-ல வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 பத்து லட்சத்துக்கு மேல தயாரான கார். பழைய மாடல்கள்ல துணிக் கூரையைக் கையால இழுத்துத்தான் மூடணும். மோட்டாரே இல்லைன்னா மோட்டார் கெட்டுப் போகாது. முதல் தலைமுறை காருக்கான சில பாகங்களை மாஸ்டாவே மறுபடி தயாரிக்குது. இந்தியாவுல இந்தக் கார் விற்பனைக்கு வரலை.

கடைசியா, காருக்குன்னு தனி வங்கிக் கணக்கு. அண்ணாவோட மூணு வருஷப் பராமரிப்பு, செயினையும் சேர்த்து 9,12,000. மாசத்துக்கு சுமார் 25,000. எமர்ஜென்சி ஃபண்ட், பிள்ளைங்க படிப்பு, டெர்ம் இன்சூரன்ஸ் எல்லாம் போக இந்தத் தொகையை மாசாமாசம் ஒதுக்க முடிஞ்சா, தாராளமா வாங்குங்க. முடியலைன்னா, காரோட அடுத்த பில்லை உங்க வீட்டுல வேற யாரோ கட்டப் போறாங்க.

போன வாரம் அண்ணாவைப் பார்த்தேன். வருத்தமான்னு கேட்டேன். "வால்பாறை ரோட்டுல விடியக்காலம் கூரையைத் திறந்து போனதுக்கு 15 லட்சமும் தகுமுங்க தம்பி. பொண்ணு காசைத் தொட்டதுதான் தப்பு" என்றார். ஆடிட்டரா எனக்கும் அதுல மறுப்பு இல்லை.

இந்தக் கணக்கோட எக்செல் ஷீட்டை வீடியோவுல வரிவரியா விளக்கியிருக்கேன். உங்க கார் விவரத்தைப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் டோக்கன் அட்வான்ஸ் கொடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!