இரும்பு மையில் நிறக்கலவை

ஊற்றுப் பேனாவுக்குரிய மைகளுட் பெரும்பாலானவை நீரிற் கரைந்த சாயங்களே. இரும்பு மையோ அத்தகையதன்று. ஆதலின் அதனைக் கலந்து புதுநிறம் காண விழைவோர் முதற்கண் அதன் இயல்பை அறிதல் வேண்டும்.

ஒருவகைக் குளவி முட்டையிடுவதனால் ஓக் மரக்கிளையில் தோன்றும் புடைப்பே மாசிக்காய். அதன் துவர்ச்சாற்றுடன் இரும்பின் உப்பாகிய அன்னபேதி சேரப் பிறப்பது இரும்பு மை. எழுதுங்கால் வெளிறியிருக்கும் இம்மை, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடித் தாளின் நாரிலேயே கருமையுற்று, நீரிற் கரையாததாகிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் சீனாய்ச் சுவடி பெரும்பாலும் இம்மையால் எழுதப்பெற்று, இன்றும் படிக்கக் கிடைக்கின்றது.

எழுதும்போதே எழுத்துப் புலனாதற்பொருட்டு இதில் ஒரு சாயமும் சேர்ப்பர். ஆகவே ஒரு துளியில் இரு நிறங்கள் உள. சாயத்தின் நிறம் உடனே தோன்றி, ஒளியாலும் நீராலும் மங்குவது. இரும்பின் கருமை மெல்லத் தோன்றி நிலைப்பது. நாம் கலப்பினால் விரும்பியவாறு மாற்றக்கூடியது முன்னதே. 2017-இல் ஜப்பானியப் பிளாட்டினம் நிறுவனத்தார் வெளியிட்ட ஆறு இரும்பு மைகளுள், மஞ்சளாய் எழுதப்படுவதும் உலர உலர இருண்டுவிடுதல் இதற்குச் சான்றாம்.

கலப்போர் கருத வேண்டியவை மூன்று. முதலாவது, இரும்பு மையுடன் இரும்பு மையையே கலத்தல் வேண்டும். இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருப்பது அமிலம். காரத்தன்மையுள்ள சாய மை சேரின், அமிலம் குன்றி, இரும்பு வண்டலாய்ப் படிந்து, பேனாவில் மை இறங்கும் வழி அடைபடும்.

இரண்டாவது, சிற்றளவே கலக்க. ஜெர்மனியின் ரோரர்-கிளிங்னர் நிறுவனத்தாரின் நீல நிறச் சாலிக்ஸ், ஊதா நிறச் ஸ்காபியோசா ஆகிய இரண்டும் இரும்பு மைகளே. இவற்றை 10 துளிக்கு 10 துளியாகவும், 15-க்கு 5 ஆகவும் தனித்தனிக் குப்பிகளிற் கலந்து, ஒவ்வொன்றின் அளவையும் குறித்துக் கொள்க.

மூன்றாவது, குப்பியை ஒரு வாரம் அசையாது வைத்து, வண்டல் காணின் அக்கலவையை விலக்குக. காணாவிடின் தாளில் எழுதி, ஒரு பாதியை மூடி, மறுபாதியை வெயிலில் வைத்து ஒப்பிடுக. உலர்ந்த நிறத்தைக் கொண்டே கலவையைத் தேர்தல் வேண்டும். ஈரத்தின் நிறம் நம்மை ஏமாற்றும்.

பளிச்சென்ற நிறத்தை நாடிச் சாயத்தைப் பெருக்கி இரும்பைக் குறைத்தால், நீர்பட்ட எழுத்து அழியும். கருமையை நாடி அன்னபேதியை அளவிறந்து சேர்த்தால், தாளே அரிக்கப்படும். பாடக்குறிப்பை எந்நிறத்தாலும் எழுதலாம்; உறுதிப் பத்திரத்தை எழுதுவோர், நிறத்துக்குமுன் இரும்பின் அளவை எண்ணிப் பார்ப்பாராக.