குறும்படத்துக்கு முன் ஒரு கோயிலைப் பாருங்கள்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கிடைத்தது. சபை வாலிபர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கப் போகிறீர்கள், யூடியூப் சேனல் தொடங்கப் போகிறீர்கள். சினிமா, பத்திரிகை, அரசியல் என்று எந்தத் துறையையும் விட்டுவைக்கக் கூடாது என்று கூட்டத்தில் பேசியிருக்கிறீர்கள். "நம்மைச் சுற்றியுள்ள பண்பாட்டை நாம் எப்படி மாற்றுவது?" என்பது உங்கள் கேள்வி. ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. துறையைப் பிடிக்கிற அந்தப் பேச்சுதான் இடிக்கிறது. இந்த மண்ணில் நிலைத்த வேலை செய்த கிறிஸ்தவர்கள் என்று நான் மதிக்கிறவர்கள் எதையும் பிடிக்கப் புறப்பட்டவர்கள் அல்லர்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர், முன்சீப். 1879இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், வாசித்திருக்க மாட்டீர்கள். வாசியுங்கள். அதில் மதம் மாறச் சொல்லும் பிரசங்கம் இல்லை. ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். தமிழ் வழங்கும் ஊரில், தமிழ் நீதிபதி முன்னால், தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதாடினால் கட்சிக்காரனுக்கு என்ன புரியும் என்று கேட்டுச் சிரிக்கிறது கதை. அது வெறும் எழுத்துச் சிரிப்பு அல்ல. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1862இல், மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டவர் அவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குச் சோறு போட்டார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியும் சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருடைய நண்பர்கள். அவர் இயற்றிய கீர்த்தனைத் தொகுப்புக்கு 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்று பெயர். அந்தப் பாட்டுகளைக் கச்சேரி மேடைகளில் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள். கேட்பவர்களில் பலருக்கு இயற்றியவர் கிறிஸ்தவர் என்பதே தெரியாது. தெரியாமல் போனதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

இன்னொருவர் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். ஆசிரியர் வேலை பார்த்தார், பிறகு தஞ்சாவூரில் சித்த வைத்தியராகப் பெயரும் பொருளும் சேர்த்தார். அந்தப் பணத்தை எதில் போட்டார் தெரியுமா? 1912 தொடங்கித் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் நடத்தினார், எல்லாம் சொந்தச் செலவில். சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் வைத்துக்கொண்டு ஆயப்பாலை, வட்டப்பாலை என்று பாலை எனப்படும் பழைய இசைமுறைகளைச் சுரம் சுரமாகக் கணக்கிட்டார். இன்று கர்நாடக இசை என்று பாடப்படுவதன் வேர் பழந்தமிழ் இசையில் இருக்கிறது என்று நிறுவப் பார்த்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கும் போய், மகள்களை வைத்தே தம் சுருதிக் கணக்கை விளக்கிக் காட்டினார். 1917இல் வந்த 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல். அவர் சொன்ன சுருதிக் கணக்கை எல்லா வித்துவான்களும் ஏற்கவில்லை, இன்றும் வாதம் உண்டு. ஆனால் தமிழிசை பற்றிப் பேசுகிற எவரும், எந்த மதத்தவரானாலும், அவரைத் தொடாமல் போக முடியாது. சமணத் துறவி எழுதிய காப்பியத்தில் கிறிஸ்தவ வைத்தியர் ஒருவர் அவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தார், தம்பி. நீங்கள் மாற்ற நினைக்கும் பண்பாட்டில் எதையாவது அந்த அளவுக்குப் படித்திருக்கிறீர்களா?

இதுவரை நல்லவர்களின் கதை. மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் என் கடிதமும் சபை ஆண்டு மலர்க் கட்டுரையாகிவிடும்.

உங்கள் ஊரிலிருந்து வடக்கன்குளம் பக்கம்தான். அங்கே 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலின் அமைப்பை விசாரித்துப் பாருங்கள். கால்சட்டையை விரித்துப் போட்டது போல இரண்டு நீண்ட கூடங்கள், அவை கூடும் இடத்தில் ஒரே பீடம். பூசை வைக்கிற குருவை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் வெள்ளாளர் முதலானோர், மறுபக்கம் நாடார். கிறிஸ்தவம் சாதியை மாற்றுவதற்கு முன்னால் சாதி கோயிலின் வரைபடத்தையே மாற்றிவிட்டது. 1910இல் அந்தப் பிரிவினை அகற்றப்பட்டது. உடனே எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். உரிமை போய்விட்டது என்று வெள்ளாளர் தரப்பார் வழக்குத் தொடுத்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நம் சபைக்காரர்கள் இதில் கத்தோலிக்கரைக் கைகாட்டவும் வேண்டாம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், நாம் இன்றைக்கும் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்தவர், கோயிலில் சாதி வேற்றுமை கூடாது என்ற இளம் மிஷனெரிமாரை எதிர்த்து எழுதியவர்தான்.

ஆகவே பண்பாடு வெளியே இருக்கிறது, நாம் உள்ளேயிருந்து போய் அதைத் திருத்துகிறோம் என்ற கணக்கை முதலில் விடுங்கள். அது நம்மோடு கோயிலுக்குள் வந்து, நமக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கல்யாண அழைப்பிதழில் வசனம் ஒரு மூலையிலும் சாதிப் பட்டம் நடுவிலும் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். திருமண்டலத் தேர்தல் வந்தால் சாதிக் கணக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

குறும்படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் குடிகாரர் மனந்திரும்பி ஜெபிக்கிற படம் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. அதைப் பார்ப்பவர்களும் நாமேதான். அதற்குப் பதிலாக உங்கள் ஊர் அசனப் பண்டிகையைப் படமாக்குங்களேன். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற கிடாரம், அரிசி கொடுத்த இந்து வீடுகள், பந்தி பரிமாறும் பையன்கள், இவையெல்லாம் வரட்டும். பந்தியில் யார் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள், சமையலுக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள், யாரைக் கூப்பிடுவதில்லை என்பதும் வரட்டும். சபை ஐயரவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கமிட்டியில் இரண்டு பேர் எதிர்ப்பார்கள். எந்த இரண்டு பேர் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களிடமும் கேமராவைக் கொண்டுபோய்ப் பேசச் சொல்லுங்கள், வெட்டாமல் போடுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்