ட்ரேடிங் மென்பொருள் எழுத யாரை அமர்த்துவது?

தினமும் காலை 9:20 மணிக்கு நிஃப்டி ஸ்ட்ராடில் விற்கும் ஒருவர், அதை மென்பொருளாக எழுதித்தர ஃப்ரீலான்ஸ் புரோகிராமர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பிக்கும் எல்லோரும் ‘ஆல்கோ நிபுணர்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். எந்த வகை என்று முதலிலேயே பிரித்துப் பார்க்காவிட்டால் பணமும் போகும், மாதங்களும் போகும்.

முதல் வகை, சார்ட் தளங்களின் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள். ட்ரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்ட், அமிப்ரோக்கரின் ஏஎஃப்எல் போன்றவை இவர்கள் கையில் வேகமாக வரும். ‘இந்த இடத்தில் சிக்னல் வந்தால் போதும், ஆர்டரை நானே போட்டுக்கொள்வேன்’ என்பவருக்கு இவர்களே போதும், செலவும் குறைவு. ஆனால் பைன் ஸ்கிரிப்ட் உங்கள் ப்ரோக்கருக்கு நேராக ஆர்டர் அனுப்பாது, அலர்ட்தான் அனுப்பும். அதை வாங்கி ஆர்டராக்க வேறொரு நிரல் வேண்டும். ‘எல்லாம் பைனிலேயே முடித்துவிடலாம்’ என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மெட்டாட்ரேடருக்கு எழுதுபவரைத் தேடுகிறவர்கள் அதற்கு முன் ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. அனுமதியில்லாத அந்நியச் செலாவணி தளங்கள் அதில் இருக்கின்றன.

இரண்டாம் வகை, தானும் ட்ரேட் செய்து பைத்தானிலும் எழுதுபவர். கவர்ச்சி இவரிடம்தான் அதிகம். ஸ்ட்ரைக், தீட்டா, எக்ஸ்பைரி எதையும் விளக்க வேண்டாம். பாதி சொன்னால் மீதி புரிந்துகொள்வார். இவரிடம் சிக்கலும் அங்கேதான். நீங்கள் சொல்லாததைத் தன் பழக்கப்படி நிரப்பிவிடுவார். லாப ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். நல்ல நாட்களின் படம் அவர்களிடமும் இருக்கும். ‘என் ரகசிய ஸ்ட்ராட்டஜியையே போட்டுத்தருகிறேன்’ என்றால் அது புரோகிராமர் வேலையே இல்லை. 2025 பிப்ரவரி சுற்றறிக்கையில், உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத ஆல்கோவைத் தருபவர் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது செபி.

மூன்றாம் வகை, வங்கி, பணப்பரிமாற்றம், டிக்கெட் முன்பதிவு மாதிரியான இடங்களில் பின்புல மென்பொருள் எழுதிப் பழகியவர். சந்தை தெரியாது. விதிகளை நீங்கள் வரிவரியாக எழுதிக்கொடுக்க முடியும் என்றால் நான் இவரைத்தான் அமர்த்தச் சொல்வேன். உள்ளே போவது, வெளியேறுவது, லாட், அதிகபட்ச நஷ்டம் எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இவருக்குத் தெரியாத சந்தையை நீங்கள் சொல்லித்தரலாம். பாதியில் அறுந்துபோன பரிமாற்றத்தை எப்படிக் கையாள்வது என்பதை உங்களால் சொல்லித்தர முடியாது.

யாராக இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “கால் விற்றாகிவிட்டது, புட் ஆர்டர் மார்ஜின் போதாமல் ரிஜெக்ட் ஆகிவிட்டது. நிரல் என்ன செய்யும்?” ‘அப்படி வராது சார்’ என்பவர் வேண்டாம். ‘மறுபடி அனுப்புவேன்’ என்பது அரைப் பதில். எத்தனை தடவை, எவ்வளவு நேரத்துக்குள், முடியாவிட்டால் விற்ற கால் ஆப்ஷனை மூட வேண்டுமா என்று உங்களையே திருப்பிக் கேட்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அடுத்தது: 10 மணிக்கு இன்டர்நெட் போய், நிரல் நின்று, மறுபடி ஓடுகிறது. முதல் வேலை என்ன? ப்ரோக்கரிடம் பொசிஷன் இருக்கிறதா, எந்த ஆர்டர் நிலுவையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. அதைச் செய்யாத நிரல் இன்னொரு ஸ்ட்ராடிலை விற்றுவிடும்.

பெரிய நிறுவனங்களே இங்கே சறுக்கியிருக்கின்றன. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் தன் எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய நிரலை ஏற்றாமல் விட்டது. அதிலிருந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்ட, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆகவே தானாக நிறுத்தும் வரம்பும், கையால் நிறுத்தும் பொத்தானும் முதல் நாளே வேண்டும்.

பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லி, லாட் அளவும் எக்ஸ்பைரி கிழமையும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நிஃப்டி லாட் 2024 நவம்பரில் 25-லிருந்து 75 ஆனது. வார எக்ஸ்பைரி 2025 செப்டம்பரில் வியாழனிலிருந்து செவ்வாய்க்குப் போனது. இவற்றை நிரலுக்குள்ளேயே எண்ணாகப் புதைத்து வைப்பவருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீங்கள் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆளைத் தளம் வழியாகப் பிடிப்பதா, தெரிந்தவர் மூலமாகவா? அப்வொர்க் போன்ற தளத்தில் கமிஷன் போகும். ஆனால் பணம் எஸ்க்ரோவில் நிற்கும். முன்பின் தெரியாதவர் என்றால் தளமே மேல். விதிகள் முழுதாக எழுதியிருந்தால் மொத்தத் தொகை பேசுங்கள். இன்னும் மாறிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கு.

ஒப்பந்தத்தில் ஒன்றை விடவே கூடாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாதவர் எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் அவரே, நீங்கள் காசு கொடுத்திருந்தாலும். எழுத்தில் மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். சோர்ஸ் கோடு முழுவதும் உங்கள் கணக்கில் இருக்கட்டும். ஓடும் கோப்பை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். ஏபிஐ சாவியும் சர்வரும் உங்கள் பெயரில். ப்ரோக்கரிடம் பதிவுசெய்யும் நிலையான ஐபி முகவரி எப்படியும் வேண்டும். அது புரோகிராமர் வீட்டு முகவரியாக இருக்கக் கூடாது. நொடிக்கு 10 ஆர்டரைத் தாண்டினால் எக்ஸ்சேஞ்ச் பதிவு தேவைப்படும் என்பதால், அந்த வரம்பையும் நிரலிலேயே எழுதச் சொல்லுங்கள்.

முழு வேலையையும் தருவதற்கு முன், ஒரு லாட்டுக்கு ஆர்டர் போட்டு, ஸ்டாப்லாஸ் வைத்து, நடந்ததையெல்லாம் லாக் எழுதும் சிறு துண்டை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். அந்த லாகை ப்ரோக்கரின் ஆர்டர் புக்கோடு வரிக்கு வரி ஒப்பிட்டபின் மீதியைப் பேசலாம். கடைசித் தவணையை, குறைந்தது ஒரு எக்ஸ்பைரி நாளாவது உண்மைப் பணத்தில் சரியாக ஓடிய பிறகே விடுவியுங்கள்.