சுவாச மெஷினிலிருந்து மீளும்போது நம் பங்கு

"ஆளை மெஷின்ல போட்டுட்டாங்களாம்" என்ற செய்தி லயத்துக்கு வந்ததும் ஒப்பாரி ஆரம்பமாகிவிடுகிறது. மெஷின் என்றால் முடிவு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு.

கில்லன் பாரே என்ற நரம்பு நோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து போன சில நாட்களில் கால் மரத்துப் பலமிழக்கும். பிறகு கை, அப்புறம் நெஞ்சுத் தசை என்று மேலே ஏறும். நாலைந்து பேரில் ஒருவருக்கு மூச்சிழுக்கவும் பலம் போய்விடும். அப்போது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் அவருக்காகக் காற்றை உள்ளே தள்ளும். இது பல வாரங்கள் நீடிக்கலாம். நாட்பட்டால் கழுத்தில் சிறு துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். "கழுத்தை அறுத்துட்டாங்களே" என்று பயப்பட வேண்டாம். வாய்க் குழாயைவிட இது நோயாளிக்குச் சுகம். குழாயை எடுத்தபின் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

மெஷினை ஏன் ஒரே நாளில் கழற்றுவதில்லை? வேலையில்லாமல் கிடந்த மூச்சுத் தசை மெலிந்துபோயிருக்கும். நோயில் கிடந்து எழும்பியவரை முதல் நாளே கொழுந்துக் கூடையோடு உச்சி மலைக்கு அனுப்புவோமா? அதனால் வைத்தியர் மெஷினின் உதவியைக் குறைத்து, அரை மணித்தியாலம் தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பார். வேர்த்து, மூச்சு வாங்கினால் திரும்பவும் இணைத்து ஓய்வு கொடுப்பார். பிறகு ஒரு மணி, இரண்டு மணி, பகல் முழுக்க என்று கூட்டி, கடைசியில்தான் இரவிலும் விடுவார்.

நேற்று நாலு மணித்தியாலம் தாங்கியவர் இன்று ஒரு மணியில் களைத்துவிடலாம். சளி கட்டியிருக்கும், அல்லது இரவு தூங்கியிருக்க மாட்டார். இப்படியான நாளில்தான் "துண்டு வெட்டிக்கிட்டு வீட்டுக்கே கொண்டு போயிருவோம்" என்று யாராவது கிளம்புவார்கள். மூச்சுத் தசை தேறுமுன் கொண்டுபோனால் ஆளையே இழந்துவிடுவோம். கையெழுத்துப் போடுமுன் வைத்தியரிடம் காரணத்தைக் கேளுங்கள்.

குழாய் இருக்கும்போது காற்று குரல்வளைக்குப் போகாததால் பேச்சு வராது. ஆனால் இந்த நோயில் புத்தி தெளிவாக இருக்கும், காதும் கேட்கும். கட்டிலருகே நின்று கடன் கதையோ சாவுக் கதையோ பேசாதீர்கள். இன்று என்ன கிழமை, பிள்ளை ஸ்கூலுக்குப் போனானா என்று சொல்லுங்கள். "ஆமா" என்றால் ஒருமுறை, "இல்லை" என்றால் இருமுறை கண் சிமிட்டச் சொல்லுங்கள்.

தாதிக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். நோயாளிக்குப் பேச்சும் இல்லை, மொழியும் இல்லை என்றால் அவர் பாடு என்ன? ஒரு மட்டையில் வலி, சளி, தண்ணீர், மூச்சு முட்டுது என்று பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே ரிதெனவா, செம, வத்துர, ஹுஸ்ம கன்ன அமாருய் என்பதைச் சிங்களம் தெரிந்தவரைக் கொண்டு சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுங்கள். தாதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, அவர் கண்ணால் பதில் சொல்வார்.

இன்னொன்று. "பாவம், நாக்கு வறண்டு கிடக்கு" என்று தேத்தண்ணியோ கோயில் தீர்த்தமோ வாயில் விடவே கூடாது. விழுங்கும் தசையும் பலவீனம். அது நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியாவாகிவிடும். தாதியிடம் கேட்டு உதட்டை மட்டும் நனையுங்கள். தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

வேலையை விட்டு எல்லோரும் ஒரே நாளில் பஸ் ஏற வேண்டாம், முறை வைத்துப் போங்கள். ஒரு கொப்பியில் இன்று எத்தனை மணித்தியாலம் தானாக மூச்சுவிட்டார் என்று எழுதி அடுத்து வருபவரிடம் கொடுங்கள். புறப்படும்போது, நாளைக்கு யார் வருவார் என்பதை அவர் காதில் சொல்லிவிட்டு வாருங்கள்.