குறுங்காணொளியும் வணிகரின் விரதமும்

தமிழ்ச் சமணர் என்றால் உழவர் என்றே பிறர் எண்ணுவர். திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரங்களில் நம்மவர் பெரும்பாலும் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களே. ஆயினும் வணிகம் நமக்குப் புதிதன்று. போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசேந்திரன் காலத்துப் பாறைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தாவிளக்கு எரியவும் திருவமுது படைக்கவும் பொருள் அளித்த செய்தியை அது கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் ஒரு வணிகக் குடும்பத்தின் பெயரைப் பாறை காத்து வருகிறது.

இன்று சிறு வணிகரின் பெயரைக் காப்பதும் கெடுப்பதும் கைப்பேசியில் ஓடும் அரை நிமிடப் படமாக இருக்கிறது. நம் நாட்டில் டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூபில் ஷார்ட்ஸும் இந்தியாவில் தொடங்கின. அதன்பின் ஊர்தோறும் கடைகள் படம் பிடிக்கத் தொடங்கிவிட்டன. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்வோரில் பலர், எந்தக் கடையில் உண்பது, எதை வாங்கிச் செல்வது என்பதைப் பேருந்தில் வரும்போதே கைப்பேசியில் பார்த்து முடிவு செய்துவிடுகின்றனர். ஆகவே இக்கலையை நம் இளைஞர் கற்பதில் தவறில்லை, கற்கவும் வேண்டும். எப்படிக் கற்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று வந்தவாசிப் பக்கத்தில் கோரைப்பாய் வாங்கி விற்கிறது. அவ்வீட்டுப் பெண் படித்தவள், சுறுசுறுப்பானவள். பாய்களைக் குறுங்காணொளியாக எடுத்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்டாள். படத்தில் நிறம் மங்கலாகத் தெரிந்தமையால் கைப்பேசியில் உள்ள நிறமேற்றும் வசதியைச் சற்றே பயன்படுத்தினாள். சிவப்பு குங்குமமாயிற்று, பச்சை கிளிப்பச்சையாயிற்று. வெளியூர்களிலிருந்து முன்பணம் வந்தது. பாய்களும் போய்ச் சேர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "படத்தில் கண்டது இதுவன்று" என்று எல்லோரும் படிக்கும்படி சிலர் எழுதியும் வைத்தனர். அவள் கண்கலங்கிக் கேட்டது இது: "மாமா, நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே! படம் அழகாக இருக்கட்டும் என்றுதானே செய்தேன்?"

அவள் வாயால் பொய் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் நம் ஆசாரியர்கள் வாயோடு நின்றுவிடவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். விரதத்தை முற்றிலும் முறிக்காமல் அதற்குக் களங்கம் உண்டாக்கும் செயல்கள் இவை. தமிழில் அருங்கலச்செப்பும் இல்லறத்தார் விரதங்களை அதிசாரங்களோடு எடுத்துரைக்கிறது. அசௌரிய விரதத்தின், அதாவது களவாமையின், ஐந்து அதிசாரங்களுள் ஒன்று பிரதிரூபக வியவகாரம். உயர்ந்த பொருளைப் போன்று தோன்றும் தாழ்ந்த பொருளைக் கொடுத்து வணிகம் செய்வது என்பது அதன் பொருள். நெய்யில் கலப்படம் செய்வதை நம் பெரியோர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். நிறமேற்றிய படத்தைக் காட்டி நிறம் மங்கிய பாயை அனுப்புவதும் இதன்பாற் பட்டதே என்பது நம் கருத்து. இது பொய்யாமையில் அன்றிக் களவாமையில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தல் வேண்டும். வாங்குபவர் இல்லாத ஒரு பொருளுக்கு விலை கொடுத்திருக்கிறார். அந்த வேறுபாட்டுத் தொகை விற்பவருக்கு உரியதன்று.

ஆரணிப் பட்டிலும் இதே நிலைதான். விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்றும், கலப்புப் பட்டைத் தூய பட்டு என்றும் படத்தில் காட்டுவது எளிது. விரலால் தொட்டுப் பார்த்தால் தெரிவது திரையில் தெரியாது. இதற்காகவே 2004-இல் சில்க் மார்க்கும் 2006-இல் கைத்தறி முத்திரையும் ஏற்படுத்தப்பட்டன. (பட்டுப்புழுவின் பொருட்டுப் பட்டையே விலக்கிய சிராவகர்கள் நம்மிடையே உண்டு, அது தனியே எழுத வேண்டிய பொருள்.)

அதே விரதத்தின் மற்றோர் அதிசாரம் ஹீனாதிக மானோன்மானம். குறைந்த அளவையால் கொடுத்து, மிகுந்த அளவையால் வாங்குவது. கைப்பேசியின் கண்ணாடியை முறுக்கின் அருகில் கொண்டுபோனால் நெல்லிக்காய் அளவு முறுக்கும் தட்டு நிறையத் தோன்றும். படக்கலையில் இது ஒரு பிழையே அன்று என்பர். ஆனால் அதைக் கண்டு கால் கிலோ கேட்பவர், பொட்டலத்தைப் பிரித்ததும் ஏமாந்ததாகவே உணர்கிறார். முறுக்கின் அருகே ஒரு கையை வைத்தால் போதும். பாயின் மீது அளவு நாடாவை விரித்தால் போதும்.

சத்திய விரதத்துக்கு வருவோம். அதன் முதல் அதிசாரம் மித்தியோபதேசம், தவறான உபதேசம். கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் நல்ல அரிசிகள் என்பதில் ஐயமில்லை. அவற்றை விற்க எடுக்கப்படும் காணொளிகளில் பாதி, "சர்க்கரை நோய் அடியோடு போய்விடும்" என்று தொடங்குகின்றன. இதைக் கேட்டு மருந்தை நிறுத்தும் முதியவர் ஒருவர் இருந்தால் அப்பாவம் யாரைச் சேரும்? இங்கே பாதிக்கப்படுவது பொருள் மட்டுமன்று, உயிரும் ஆகும். ஆகவே இது அகிம்சையையும் தொடுகிறது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிகளும் தடுக்கின்றன.

கூடலேகக் கிரியை என்பது பொய்யாவணம் எழுதுதல். உறவினரையும் நண்பரையும் கொண்டு "அருமை, மீண்டும் வாங்குவேன்" என்று எழுதச் செய்வதும், பணம் கொடுத்துப் பின்தொடர்வோர் எண்ணிக்கையை வாங்குவதும் வேறென்ன? இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையவழிக் கருத்துரைகளுக்கென்றே ஒரு தரநெறியை வெளியிட்டது. "இன்று மட்டும்", "இன்னும் மூன்றே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் நெறிமுறைகள் தடை செய்துள்ளன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்குத் தண்டத்தொகை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் செல்லும். சட்டத்துக்கு அஞ்சியேனும் திருந்துவோர் திருந்தட்டும்.

ரகோப்யாக்கியானம் என்பது பிறர் மறைவில் செய்ததை வெளிப்படுத்துதல். கடைக்கு வந்தவர் உண்பதையும், குடும்பமாக விலை பேசுவதையும் அவர் அறியாமல் படம் பிடித்து வெளியிடும் வழக்கம் பரவி வருகிறது. கேட்டு, அவர் இசைந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும். வழிபாட்டிடங்களைக் கடைக்குப் பின்புலமாக்குவதும் வேண்டா. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க ஆணையிட்டதை அறிவோம். நம் ஜினாலயங்களிலும் அந்த அடக்கம் நமக்கு இயல்பாகவே இருக்க வேண்டும்.

பிறர் எடுத்த படத்தையும் திரைப்பாடலையும் எடுத்துக்கொள்வது கொடுக்கப்படாததைக் கொள்வதே. வணிகக் கணக்கு வைத்திருப்போருக்கு இன்ஸ்டாகிராம் பெரும்பாலான திரைப்பாடல்களை வழங்குவதில்லை. பொதுப் பயன்பாட்டுக்குரிய இசைத் தொகுப்பையே தருகிறது. பாட்டு எதற்கு என்பதே நம் கேள்வி. தறியின் ஓசையைவிட நல்ல பின்னணி இசை பாய்க்கு ஏது?

இவ்வளவையும் விலக்கினால் படத்தில் என்ன எஞ்சும் என்று அப்பெண்ணும் கேட்டாள். பொருளும், அது உருவாகும் விதமும் எஞ்சும். மக்கள் விரும்பிப் பார்ப்பதும் அதைத்தான். கோரையைக் கீறுவது, வெயிலில் உலர்த்துவது, சாயமேற்றுவது, பாவு நூலில் கோத்து நெய்வது என ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு காணொளிக்குப் போதும். ஒரு காணொளிக்கு ஒரு செய்தி என்பதே நல்லது. ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை செல்லலாம். ஆயினும் முப்பது நொடிக்கு மேல் நீட்டக் காரணம் வேண்டும். வணக்கம் சொல்லி, கடைப்பெயர் சொல்லி, பிறகு பொருளைக் காட்டுவதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிடுவார். முதல் மூன்று நொடிக்குள் பொருளே தோன்ற வேண்டும். பெயரைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

கைப்பேசியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். காலை வெயில் ஏறுமுன், அல்லது திண்ணை நிழலில், வெளிச்சம் பொருளின்மேல் விழும்படி எடுத்தால் நிறமேற்றும் வசதியே தேவைப்படாது; அவளுடைய பாய் மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் கோரையன்று, வீட்டுக்குள் எரிந்த குழல்விளக்கே. பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஒலியின்றிப் பார்ப்போர் பலர் ஆதலின் சொல்வதைத் தமிழில் எழுத்தாகவும் இட வேண்டும். விலை, அளவு, அனுப்பும் செலவு மூன்றையும் படத்திலேயே சொல்லிவிட வேண்டும். "விலைக்குத் தனியே கேளுங்கள்" என்பது வாங்குவோரை அலையவிடுவதாகும். உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் தெரிய வேண்டும்.

முன்பணம் பெற்ற பொருளை எந்நாளில் அனுப்புவோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். நியாசாபகாரம், அதாவது அடைக்கலப் பொருளைக் கவர்தல், சத்திய விரதத்தின் அதிசாரமாகக் கூறப்பட்டிருப்பதை முன்பணத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

அப்பெண் பழைய காணொளிகளை நீக்கிவிட்டாள். திரும்பி வந்த பாய்களுக்குரிய பணத்தை அவள் தந்தையார் தாமே கேட்டுக் கேட்டு அனுப்பினார். பின்னர் அவள் எடுத்த முதற்படத்தில், திரும்பி வந்த பாய் ஒன்றைத் திண்ணையில் விரித்து, முன்பு காட்டிய நிறம் தவறு, உண்மை நிறம் இது என்று சொல்லி, ஓரத்தையும் பின்புறத்தையும் காட்டி, அளவு நாடாவை வைத்து அளந்தாள். பார்வையாளர் எண்ணிக்கை முன்னைவிடக் குறைவுதான். அந்த மாதம் அனுப்பிய பாய்களில் ஒன்றும் திரும்பி வரவில்லை.