நடுக்குவாதத்தில் வரும் மனச்சோர்வு: செரட்டோனின் மட்டும்தான் காரணமா?

"கை நடுங்குது, நடை தளருது. மனசு உடையாம என்ன செய்யும்?"

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் வந்தவர் யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் சொல்லப்படும் சமாதானம் இது. பாதி உண்மை. ஆனால் பலருக்கு விரல் நடுங்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனச்சோர்வு தலைகாட்டிவிடுகிறது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத நோயை நினைத்து யாரும் துக்கப்பட முடியாது.

இதற்கு ஒரு விளக்கத்தை 2003இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைக்கோ பிராக்கின் குழு முன்வைத்தது. இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த அவர்கள், நோயின் தடம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே ஏறுகிறது என்றார்கள். அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் செல்களை எட்டுவதற்கு முன்பே, மனநிலையோடு தொடர்புள்ள நரம்பு வேதிப்பொருளான செரட்டோனினைச் சுரக்கும் செல்கள் இருக்கும் ராஃபே பகுதியும், நார்அட்ரினலின் செல்கள் இருக்கும் லோகஸ் செருலியஸும் பாதிக்கப்படுகின்றன. இந்த வரிசை எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதில்லை. ஆனாலும் மனச்சோர்வு நோயின் பின்விளைவு மட்டுமல்ல, நோயின் ஒரு பகுதியாகவே இருக்கலாம் என்பதை இது சுட்டுகிறது.

"அப்படியானால் செரட்டோனின் குறைந்துவிட்டது. அதை ஏற்றினால் போதும்."

இந்த நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. மனச்சோர்வுள்ள பார்க்கின்சன் நோயாளிகளின் தண்டுவட நீரில் செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் குறைவாக இருப்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. மூளையின் வேதி மாற்றங்களைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் வந்த பிறகுதான் குழப்பம் கூடியது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுள்ள நோயாளிகளின் மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள இடங்களில் டோபமைன், நார்அட்ரினலின் நரம்பிழைகள் கூடுதலாக அழிந்திருப்பது தெரிந்தது. 2010இல் லண்டனில் இன்னொரு ஆய்வு. செரட்டோனினை மீண்டும் செல்லுக்குள் இழுக்கும் புரதத்தின் அளவு, சோர்வில்லாத நோயாளிகளைவிடச் சோர்வுள்ளவர்களிடம் சில இடங்களில் அதிகமாக இருந்தது. 'குறைந்துவிட்டது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதையெல்லாம் அடைக்க முடியாது.

மருந்துகளும் அப்படித்தான். 2009இல் 52 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், நார்அட்ரினலினையும் தூண்டும் பழைய மாத்திரையான நார்ட்ரிப்டிலின் பலன் தந்தது. செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் பராக்செட்டின், வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. 2012இல் 115 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில் அதே பராக்செட்டின் பலன் தந்தது, செரட்டோனின், நார்அட்ரினலின் இரண்டையும் குறிவைக்கும் வென்லாஃபாக்சினும் தந்தது. டோபமைன் வழியில் வேலை செய்யும் பிராமிபெக்சோலும் மனநிலையை ஓரளவு உயர்த்துகிறது. செரட்டோனின் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்தான். கதாநாயகனும் அல்ல, வில்லனும் அல்ல. நோயாளிக்கு இதில் நல்ல செய்தியும் உண்டு: ஒரு மாத்திரை கேட்கவில்லை என்றால் வேறு வழி மாற்றிப் பார்க்கலாம்.

"வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறதாமே?"

இருக்கிறது. ஆனால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்லும் தடுப்பை அது தாண்டாது. நம் உடலின் செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதுவும் மூளைக்குப் போவதில்லை. பழத்தைப் பழமாகச் சாப்பிடலாம்.

"நடுக்குவாத மாத்திரையோடு மனச்சோர்வு மாத்திரை சேரவே கூடாது."

சேரலாம், மருத்துவருக்குத் தெரிந்து. செலிஜிலின், ரசாஜிலின் ஆகிய நடுக்குவாத மாத்திரைகளை எடுப்பவர்கள்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றோடு செரட்டோனின் மாத்திரை சேரும்போது, அரிதாகத்தான் என்றாலும், காய்ச்சல், வியர்வை, பதற்றம், தசை இறுக்கம் என ஆபத்தான நிலை வரலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் அவை. அதற்குப் பயந்து பழைய மாத்திரையைத் திடீரென நிறுத்துவது தீர்வல்ல.

"முகமே சொல்லுதே, சோர்ந்து போயிட்டார்னு."

இந்த நோயில் முகத் தசைகள் இறுகி உணர்ச்சி வெளியே தெரியாமல் போகும். உள்ளுக்குள் நன்றாக இருப்பவரும் வாடியவராகத் தெரிவார். பேச்சு குறைவது, தூக்கம் கெடுவது, எடை குறைவது எல்லாம் நோயாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அவரிடமே கேட்பது நல்லது: பிடித்த விஷயங்களில் இன்னும் ஆசை இருக்கிறதா? மனசு எந்த நேரத்தில் விழுகிறது? நடுக்குவாதத்துக்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையின் வேகம் இறங்கும் நேரங்களில் மட்டும் மனம் தாழ்ந்து, அடுத்த வேளை மாத்திரை ஏறியதும் தெளிகிறது என்றால், அதைக் குறித்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயாளிக்குத் தேவைப்படுவது புது மாத்திரையாக இல்லாமல், பழைய மாத்திரையின் நேர மாற்றமாகவே இருக்கலாம்.