கண் திறந்தும் பேசாதவரின் நனவு

சென்ற மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னை நிறுத்தினார். விபத்தில் தலையில் அடிபட்ட அவருடைய மகன் மூன்று வாரங்களாகப் படுக்கையில் இருந்தார். "தம்பி, காலையில் கண் திறந்துவிட்டான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவன் உள்ளே இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்குவது எளிது. இவ்வினாவுக்கு விடை கூறுவது எளிதன்று.

மருத்துவமனையில் சுயநினைவு என்றும் நூல்களில் நனவு என்றும் நாம் கூறுவதில் இரண்டு கூறுகள் உள்ளன: விழிப்பு, அறிதல். விழிப்பைக் காப்பது மூளைத்தண்டு. 1949ஆம் ஆண்டில் மொரூசி, மகூன் என்னும் இரு ஆய்வாளர்கள் பூனையின் மூளைத்தண்டில் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, அதன் மூளை மின்னலைகள் உறக்க வடிவிலிருந்து விழிப்பு வடிவுக்கு மாறின. அறிதலுக்கோ பெருமூளைப் புறணியும் தலாமஸும் இணைந்து இயங்க வேண்டும். கோமாவில் இரண்டுமே இல்லை. சில வாரங்களில் மூளைத்தண்டு தேறும்போது இமைகள் திறக்கின்றன. வீட்டார் மகிழ்கின்றனர். திரும்பியது விழிப்பு, அறிதலும் திரும்பியதா என்பதை அந்தக் கண்கள் சொல்வதில்லை. உள்ளங்கையில் வைத்த விரலை நோயாளி இறுகப் பற்றுவதும் வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். இதைச் சொல்லும்போது எதிரில் நிற்பவரின் முகம் வாடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அறிதல் மூளையில் பிறப்பதா, மூளையைக் கருவியாகக் கொண்ட வேறொன்றா என்ற வழக்கு மிகப் பழையது. பூவும் வெல்லமும் பிறவும் சேர்ந்து ஊறும்போது மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான் மணிமேகலையில் வரும் பூதவாதி. மணிமேகலை அதை ஏற்கவில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டும் இவ்வழக்கை எதிர்கொண்டார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. ஆகவே வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே அவர்களுடைய மூளையை மின்முனையால் தொட்டுப் பார்த்தார். கை அசைந்தது, ஆனால் அதை அசைத்தவர் நானல்லேன், நீங்களே என்று நோயாளிகள் கூறினர். மூளையைத் தூண்டினால் அசைவும் பழைய நினைவும் எழுகின்றன என்று உலகுக்குக் காட்டியவரே, 1975இல் வெளியிட்ட நூலில் மனத்தை மூளையின் செயலாக மட்டும் விளக்க இயலாது என்ற பக்கம் சாய்ந்தார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. மயக்க மருந்தின் சில துளிகள் நனவை அணைப்பதையும், மருந்து நீங்கியதும் அது மீள்வதையும் நாள்தோறும் காண்பவனுக்கு, மூளையின்றி நனவு உண்டு என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆயினும் நரம்பணுக்களின் மின்துடிப்பு எவ்வாறு ஒருவரின் வலியாகவும் மகிழ்ச்சியாகவும் ஆகிறது என்பதை எவரும் இன்னும் விளக்கிவிடவில்லை.

அந்தத் தந்தைக்கு இந்த வழக்கைவிட உதவும் செய்தி வேறொன்று. 2006இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப் பின் ஐந்து மாதங்களாக உணர்வற்றவராகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் பிறகு தம் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னார்கள். நலமுள்ளவர் கற்பனை செய்யும்போது இயங்கும் அதே பகுதிகள் அவருக்கும் இயங்கின. விரல்கூட அசையாதவர், சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொண்டு செய்தார். 2024இல் பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எதிர்வினை காட்டாத 241 பேரில் 60 பேரிடம் இத்தகைய மறைந்த அறிதல் காணப்பட்டது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இச்சோதனை எல்லா இடங்களிலும் கிடைப்பதன்று. எதுவும் தென்படாவிட்டாலும் உள்ளே அறிதல் இல்லை என்று முடிவு கட்ட இயலாது.

மூளைச்சாவு இதனின்று முற்றிலும் வேறு. அதில் மூளைத்தண்டும் மீளாதவாறு செயலிழந்துவிடுகிறது. சட்டப்படி மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்பே அது அறிவிக்கப்படும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வீண் நம்பிக்கையோ வீண் அச்சமோ கொள்ள வேண்டா.

"அப்படியானால் நான் பேசலாமா?" என்று கேட்டார் ஆசிரியர். பேசுங்கள் என்றேன். முதலில் உங்கள் பெயரையும் இன்று என்ன கிழமை என்பதையும் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். அவருக்கும் ஓய்வு தேவை. மருத்துவச் செலவையும் சொத்துச் சிக்கலையும் படுக்கையருகில் பேசுவதைத் தவிருங்கள். எங்கள் மருத்துவர்களுக்கும் இதையே சொல்லிவருகிறேன். சுற்று வரும்போது நோயாளியின் தலைக்குமேல் அவரைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளும் பழக்கம் நல்லதன்று.

கண்கள் எதையேனும் பின்தொடர்வதை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் வீட்டாரே. கண்டால் நேரத்தைக் குறித்து வைத்துச் செவிலியரிடம் தெரிவியுங்கள். நோயாளியின் முகத்துக்கு நேரே கைக்கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்தி, தம் முகத்தையே அவர் விழிகள் தொடர்கின்றனவா என்று நாங்கள் சோதிப்போம். வேறு பொருள்களைத் தொடராத கண்கள்கூடச் சில வேளைகளில் தம் முகத்தைத் தொடர்கின்றன. ஒருநாள் செய்தவர் மறுநாள் செய்யாதிருக்கலாம் என்பதால் ஒரே சோதனையில் முடிவு கூறுவதில்லை. ஆசிரியரின் மகனுக்கு வாரம் மும்முறை, வெவ்வேறு நேரங்களில், இதைச் செய்துவருகிறோம்.